இரண்டாவது நூறு

ஹவானாவில் இறங்கியதும் மஞ்சள் அட்டையைக் கேட்டார்கள்.
லுவாண்டாவிலிருந்து வருகிறவளிடம் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.
ஊசி போட்ட தேதி, முத்திரை, கையெழுத்து.
எல்லாம் சரி, போகலாம்.

ஆவணக் காப்பகத்தில் மூன்று மின்விசிறி,
ஒன்றுதான் சுற்றுகிறது.
அதனடியில் இடம் பிடிக்க எட்டு மணிக்கே வந்துவிடுவேன்.
காவலிருக்கும் ஒடாலிஸ் முதல் நாளே சொல்லிவிட்டாள்:
பேனா கூடாது. தண்ணீர் கூடாது.
தாளின் மேல் உட்காரும் கொசுவை
அடிக்கவே கூடாது.
ரத்தக் கறை போகாது.

எண்களைத் தேடித்தான் வந்தேன்.
எத்தனை பேர், எத்தனை கடி, எத்தனாவது நாள் காய்ச்சல்.
கையில் வந்தது ஓர் ஒப்பந்தம்.
இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஸ்பானியம்,
இரண்டுக்கும் சேர்த்துக் கீழே
ஒரு பெருக்கல் குறி.
குறிக்குச் சொந்தக்காரன் எலாதியோ காஸ்கெய்ரோ,
வயது இருபத்தாறு,
லூகோ பக்கத்து மலைச்சரிவு ஒன்றிலிருந்து
கப்பலேறி வந்து இறங்கிப் பதினோரு நாள்.

கடிபட்டால் நூறு டாலர், தங்கமாக.
காய்ச்சல் கண்டால் இன்னொரு நூறு.
செத்தால்,
அது அவன் கைகாட்டும் ஆளுக்கு.
'தன் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று
மூன்று இடத்தில் வருகிறது.
ஒரு தடவை சொன்னால் போதாதா
என்று முணுமுணுத்தபடி
மூன்றையும் படியெடுத்தேன்.

வெட்டவெளியில் இரண்டு மரக்குடில்கள்.
ஒன்றில் செத்தவர்களின் போர்வை,
கறுப்பு வாந்தி காய்ந்து விறைத்த சட்டை.
பெட்டியைத் திறந்தவர்கள் வெளியே ஓடிக் குமட்டினார்கள்.
பிறகு திரும்பி வந்து
அதையே விரித்துப் படுத்தார்கள்.
இருபது இரவு.
ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
இரண்டு பேருக்கு எடை கூடியிருக்கிறது.

மற்றது சுத்தமான குடில்.
கொதிக்கவைத்து உலர்த்திய வெள்ளை விரிப்பு,
நல்ல காற்று, நடுவே கம்பிவலை.
வலைக்கு இந்தப் பக்கம்
அதே காற்றை இழுத்துக்கொண்டு மூவர்.
அந்தப் பக்கம் எலாதியோவும்
பதினைந்து கொசுக்களும்.

என் மஞ்சள் அட்டை
அந்த வலையின் எந்தப் பக்கத்தில் அச்சானது
என்று யோசித்தேன். பசித்தது. சாப்பிடப் போனேன்.

மதியத்துக்குப் பிறகு, பணியாள் ஒருவனின் குறிப்பேடு.
கோழிக் கிறுக்கல், ஆனால் பொய் சொல்லாத கிறுக்கல்.

முதல் நாள்: 98.4. நன்றாகச் சாப்பிட்டான்.
இரண்டாம் நாள்: 98.4. 'வந்துவிட்டதா' என்று கேட்டான்.
மூன்றாம் நாள்: அதே. மறுபடி கேட்டான்.
நான்காம் நாள்: வெப்பமானியைப் போர்வையில் தேய்த்தான்.
கண்டிக்கப்பட்டான்.

சிரித்துவிட்டேன். ஒடாலிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.
அடடா எலாதியோ,
வராத காய்ச்சலை வரவழைக்க
கம்பளியில் கண்ணாடியைத் தேய்த்தவனே,
அந்த நூறில் என்ன வாங்க நினைத்தாய்?
மாடா? திரும்பிப் போகும் சீட்டா?
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஐந்தாம் நாள்: 102.6.
பக்கத்தில் ஒரே சொல்:
நிஜம்.

அடுத்த நான்கு தாள்களைக் கரையான் தின்றிருக்கிறது.
மேலிருந்து கீழாக, வரிசை தப்பாமல்,
படித்து முடித்ததுபோல.

நான்கரை மணிக்குப் பணப் பட்டியல் வந்தது.
முதல் நூறு: காஸ்கெய்ரோ. பெற்றுக்கொண்டதற்குப் பெருக்கல் குறி.
இரண்டாவது நூறு: காஸ்கெய்ரோ கணக்கில்.
பெற்றுக்கொண்டவர் பெயர் இருந்த இடத்தில் ஓட்டை.
ஓட்டையின் ஓரத்தில்
ஒரு கூட்டல் குறி.

படுக்கையில் சாய்ந்து எழுதியதால்
கோடு நிமிர்ந்துவிட்டதா?
காய்ச்சல் தெளிந்த கை அப்படித்தான் நடுங்குமா?
அல்லது அவன் கைகாட்டிய ஆள்,
எழுதப் படிக்கத் தெரியாத வேறொருவர்,
அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த தாளில்
தனக்குத் தெரிந்த ஒரே சிலுவையைப் போட்டாரா?

தாளைச் சற்றே திருப்பினேன்.
கூட்டல் பெருக்கலாகியது.
இருக்கிறான்.
நேராக்கினேன்.

"தாளைத் திருப்பக் கூடாது" என்றாள் ஒடாலிஸ்.
விசிறியை நிறுத்தினாள்.
நின்ற காற்றில், எங்கிருந்தோ,
அந்த மெல்லிய ரீங்காரம்.
நாங்கள் இருவரும்
கையை ஓங்கவில்லை.